கணவன் போட்ட கையெழுத்து மனைவிக்குச் செல்லாது!

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் பஸ்ஸில் அரியாங்குப்பம் தாண்டியதும் வருகிற ஊர் நோணாங்குப்பம். ஊர்ப் பெயரைச் சொன்னால் தெரியாதவர்களுக்கும் சுண்ணாம்பாறு படகுக் குழாம் என்றால் உடனே தெரிந்துவிடும். அதே சாலையில் தெற்கே போய்க்கொண்டே இருந்தால் முள்ளோடை. அங்கே புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு தொடங்குகிறது. இன்று அந்தச் செக்போஸ்ட்டில் பிரச்சினை என்றால் அது பெரும்பாலும் மதுபாட்டில் பிரச்சினைதான்!

ஆனால் 1954 வரை கதை வேறு. நோணாங்குப்பம் பிரெஞ்சு இந்தியா. கடலூர் 1947 வரை பிரிட்டிஷ் இந்தியா, அதன் பிறகு சுதந்திர இந்தியா. நடுவில் இருந்தது இரண்டு நாடுகளின் எல்லை. 1949இல் சுங்க ஒப்பந்தம் முடிந்துபோனதும் எல்லையில் கெடுபிடி ஏறியது. ஆனால் சொந்தபந்தம் எல்லை பார்த்தா அமைகிறது? பெண் எடுப்பதும் கொடுப்பதும் இரண்டு பக்கமும் நடந்தன. அங்கேதான் ஒரு கேள்வி எழுகிறது. எல்லை தாண்டி வாழ்க்கைப்பட்டு வருகிற பெண் எந்த நாட்டுக்காரி? அதை யார் தீர்மானிப்பது? அவளா, அவள் புருஷனா, சர்க்காரா?

இன்று கனடாவுக்கோ பிரான்சுக்கோ "ஸ்பௌஸ் விசா" எடுத்துக்கொண்டு விமானம் ஏறுகிறவர்கள் எல்லோரும் சந்திக்கும் கேள்வி இது. புதுச்சேரி இந்தக் கேள்வியை நூறு வருஷத்துக்கு மேலாகச் சந்தித்து வருகிறது. அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

புருஷன் எந்த நாடோ, பெண்சாதியும் அந்த நாடு

1804இல் வந்த நெப்போலியன் சட்டத்தொகுப்பு விஷயத்தை ஒரே வரியில் முடித்தது. பிரெஞ்சுக்காரனை மணக்கும் அந்நியப் பெண் தன் கணவனின் நிலையையே அடைவாள். பிரெஞ்சுக்காரி அந்நியனை மணந்தால் அவள் அந்நியள் ஆகிவிடுவாள். அவளிடம் சம்மதம் கேட்கும் வழக்கமே இல்லை.

பிரிட்டிஷ்காரர்கள் மட்டும் என்ன வாழ்ந்தார்கள்? அவர்களுடைய 1870ஆம் வருஷச் சட்டமும் மனைவியைக் கணவனின் நாட்டுக்காரியாகவே கருதியது. 1948இல் புதிய சட்டம் வந்த பிறகுதான் அது முழுவதுமாகப் போனது. அமெரிக்காவில் 1907இல் ஒரு சட்டம் போட்டார்கள். அமெரிக்கப் பெண் வெளிநாட்டுக்காரனைக் கல்யாணம் செய்தால் சொந்த ஊரிலேயே குடியுரிமை போய்விடும். 1922இல்தான் அதைத் திருத்த ஆரம்பித்தார்கள். எல்லா விஷயத்திலும் சண்டை போட்டுக்கொண்ட வல்லரசுகள் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாக இருந்திருக்கின்றன!

புதுச்சேரியிலேயே இதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. 1881 செப்டம்பர் 21ஆம் தேதி பிரெஞ்சு அரசு ஓர் ஆணை வெளியிட்டது. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் யாராக இருந்தாலும், தங்கள் சாதி, மத வழக்கப்படியான சொந்தச் சட்டத்தைத் துறந்துவிட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம் என்றது அது. அப்படித் துறந்தவர்களுக்கு "ரெனோன்சான்" என்று பெயர். துறந்தவர்கள் புதிய குடும்பப் பெயரும் வைத்துக்கொண்டார்கள். இந்த இயக்கத்தின் முன்னோடி வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை. 1873இல் காலணி போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போனதற்காகத் தடுக்கப்பட்டு, பாரீஸ் வரை வழக்கை எடுத்துப் போய் ஜெயித்தவர் இவர்தான். பிறகு "லாபோர்த்" என்ற குடும்பப் பெயரைச் சூட்டிக்கொண்டார்.

சாதிக் கட்டுப்பாட்டிலிருந்து வெளியே வர நினைத்தவர்களுக்கு அந்த ஆணை பெரிய கதவாக இருந்தது. ஆனால் அதிலேயே இன்னொன்றும் எழுதியிருந்தது. ஒருவன் துறந்தால் அவனோடு அவன் மனைவியும் மைனர் பிள்ளைகளும் சேர்ந்தே புதிய சட்டத்துக்குள் வந்துவிடுவார்கள். அதாவது புருஷன் கையெழுத்துப் போட்டால் பெண்சாதிக்கும் சேர்த்துத்தான். (துறந்தவர்களின் சந்ததியினர் இன்றும் புதுச்சேரியில் இருக்கிறார்கள். இந்து திருமணச் சட்டமும் இந்து வாரிசுரிமைச் சட்டமும் அவர்களுக்குப் பொருந்தாது என்று அந்தச் சட்டங்களிலேயே விலக்கு இருக்கிறது.)

ஆறு மாத அவகாசம்

1954 அக்டோபர் 18. கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி ஓட்டுப் போட்டார்கள். இந்தியாவோடு இணைய 170 பேர் ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் படித்த கதை இதுவரைதான்.

படிக்காத பகுதி இனிமேல்தான் வருகிறது. நிர்வாகம் மாறியதே தவிர சட்டப்படி புதுச்சேரி அதற்கப்புறமும் பிரான்சுக்குச் சொந்தமாகவே இருந்தது. 1956 மே 28இல் டெல்லியில் ஒப்படைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. அதைப் பிரெஞ்சுப் பாராளுமன்றம் உடனே ஏற்கவில்லை. அல்ஜீரியப் போர் முடிந்து, 1962இல் அந்த நாடு சுதந்திரம் அடைந்த பிறகுதான் ஏற்றது. 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. ஆக, எட்டு வருஷம் நோணாங்குப்பத்துக்காரர்கள் இந்திய நிர்வாகத்தின் கீழ் வாழ்ந்த பிரெஞ்சுக்காரர்கள்!

ஒப்பந்தத்தின் 4ஆவது பிரிவு சொன்னது இதுதான். இந்தப் பகுதிகளில் பிறந்து இங்கேயே வசிக்கும் பிரெஞ்சுக் குடிமக்கள் எல்லோரும் இந்தியக் குடிமக்கள் ஆகிறார்கள். எதுவும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. சும்மா இருந்தாலே இந்தியர்தான்.

5ஆவது பிரிவு விதிவிலக்கு. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும். இரண்டு பிரதி, ஒன்று பிரெஞ்சில், ஒன்று ஆங்கிலத்தில். 18 வயதுக்குக் கீழே உள்ள, கல்யாணமாகாத பிள்ளைகளுக்குத் தகப்பன் சொல்வதே முடிவு. தகப்பன் இல்லையென்றால் தாய்.

அதற்குப் பிறகு வருகிறது இந்தக் கட்டுரையின் கதாநாயகன், ஒரே ஒரு வாக்கியம். கணவன் செய்யும் தேர்வு மனைவியின் குடியுரிமையைப் பாதிக்காது!

1804 முதல் நடந்துவந்ததற்கு நேர் எதிர். 1881 ஆணைக்கும் நேர் எதிர். இது தற்செயலும் இல்லை. கணவனின் குடியுரிமை மாறினால் மனைவியுடையது தானாக மாறக்கூடாது என்று உலகம் முழுவதும் பெண்கள் அமைப்புகள் போராடிக்கொண்டிருந்த காலம் அது. மணமான பெண்களின் குடியுரிமை பற்றிய ஐ.நா. உடன்படிக்கை 1957இல் வந்தது. புதுச்சேரி ஒப்பந்தம் அதற்கு ஒரு வருஷம் முந்தியது. காகிதத்தில் பார்த்தால் நோணாங்குப்பத்துப் பெண்ணுக்கு அன்று கிடைத்தது உலகத் தரமான உரிமை.

ஆனால் அதே பிரிவில் இன்னொரு வரி. 16 வயதைத் தாண்டிய, கல்யாணமான ஆண் பிள்ளைகள் தாங்களே தேர்வு செய்துகொள்ளலாம். கல்யாணமான பெண் பிள்ளை? அதே 17 வயதில் கழுத்தில் தாலியோடு இருந்த பெண்ணைப் பற்றி அந்த இடத்தில் ஒரு வார்த்தையும் இல்லை.

எத்தனை பேர் கையெழுத்துப் போட்டார்கள்?

1961 கணக்கெடுப்பின்படி புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கும் சேர்ந்து மக்கள்தொகை சுமார் 3,69,000. பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தவர்கள் சுமார் 5,000 பேர். நூற்றுக்கு ஒன்றரைப் பேர்கூட இல்லை!

பட்டாளத்தில் இருந்தவர்கள் ("சொல்தா" என்று ஊரில் சொல்வார்கள்), பிரெஞ்சு சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர்கள், பென்ஷன் வாங்கியவர்கள், அவர்களுடைய குடும்பங்கள்... இவர்களுக்குக் கையெழுத்தின் மதிப்பு தெரிந்திருந்தது. இந்தோசீனாவில் வேலை பார்த்துக்கொண்டு அங்கேயே குடியிருந்தவர்களுக்குக் கையெழுத்தே தேவைப்படவில்லை. 7ஆவது பிரிவின்படி, வெளிநாட்டில் வசித்த புதுச்சேரிக்காரர்கள் தானாகவே பிரெஞ்சுக்காரர்களாகத் தொடர்ந்தார்கள். ஒரே ஒப்பந்தம்தான். சைகோனில் சும்மா இருந்தவர் பிரெஞ்சுக்காரர், நோணாங்குப்பத்தில் சும்மா இருந்தவர் இந்தியர்.

ஓர் அண்ணன், ஒரு தம்பி

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆட்கள் கற்பனை. சட்டம் நிஜம்.

நோணாங்குப்பத்தில் அண்ணன் தம்பி இருவர். இருவரும் 1962 கடைசியில் போய்க் கையெழுத்துப் போட்டு பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்கிறார்கள்.

அண்ணனுக்கு 1960லேயே கல்யாணம் ஆகிவிட்டது. அண்ணி பக்கத்து ஊர் அரியாங்குப்பம். பிறந்ததிலிருந்து பிரெஞ்சுக் குடிமகள். அவர் கையெழுத்துப் போடவில்லை. "அவர்தான் போட்டுவிட்டாரே, எனக்கும் சேர்த்துத்தானே" என்று நினைத்திருக்கலாம். அப்படி நினைப்பதற்கு முன்னுதாரணமும் இருந்தது. 80 வருஷமாக 1881 ஆணை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது. ஆறு மாதம் முடிந்தது. அண்ணன் பிரெஞ்சுக்காரர். தகப்பன் வழியில் குழந்தையும் பிரெஞ்சு. வீட்டில் அண்ணி மட்டும் இந்தியர்.

தம்பிக்கு 1964இல் கல்யாணம். பெண் கடலூர். அவருடைய பரம்பரையிலேயே யாரும் பிரெஞ்சுக்காரர் கிடையாது. ஆனால் அப்போது அமலில் இருந்த 1945ஆம் வருஷத்து பிரெஞ்சுக் குடியுரிமைச் சட்டத்தின்படி, பிரெஞ்சுக்காரனை மணக்கும் அந்நியப் பெண் கல்யாணம் நடக்கும் அந்தக் கணத்திலேயே பிரெஞ்சுக் குடிமகள் ஆகிறாள். "வேண்டாம்" என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால்தான் உண்டு.

விளைவு? பிறவியிலேயே பிரெஞ்சாக இருந்த மூத்த மருமகள் இந்தியர். நேற்றுவரை இந்தியராக இருந்த இளைய மருமகள் பிரெஞ்சு! ஒரே மாமியார், ஒரே அடுப்படி, இரண்டு தேசம்.

இதில் யாரைக் குறை சொல்வது? மூத்தவருக்குச் சட்டம் சுதந்திரம் கொடுத்தது, செய்தி கொடுக்கவில்லை. இளையவருக்குக் குடியுரிமை கொடுத்தது, ஆனால் "இன்னாருடைய மனைவி" என்ற பெயரில்தான் கொடுத்தது. ஒருவருக்கு உரிமை இருந்தும் பலன் இல்லை. இன்னொருவருக்குப் பலன் இருந்தும் சொந்த உரிமை இல்லை.

ஆண்களுக்கும் வந்தது முறை

1973 ஜனவரி 9ஆம் தேதிச் சட்டம் இன்னொரு திருப்பம். அதுவரை பிரெஞ்சுப் பெண்ணை மணந்த இந்திய ஆணுக்குக் கல்யாணத்தால் மட்டும் குடியுரிமை வராது. 1973 முதல் ஆண், பெண் இருவருக்கும் ஒரே விதி. யாருக்கும் தானாக வராது. கல்யாணத்துக்குப் பிறகு, விரும்பினால் அறிவித்துப் பெறலாம்.

இதற்குப் பிறகுதான் புதுச்சேரிக் கல்யாணச் சந்தையில் "பிரெஞ்சுப் பெண்" என்ற சொல்லுக்கும் "பிரெஞ்சு மாப்பிள்ளை" போலவே எடை கூடியது. காமர்ஸ் பாஷையில் சொன்னால், அதுவரை கணக்கில் வராத ஒரு சொத்து திடீரென்று பாலன்ஸ் ஷீட்டில் ஏறிவிட்டது. ஜாதகம், நகை, நிலம் பேசுகிற இடத்தில் குடியுரிமையும் பேசப்பட்டது. சேரக்கூடாத இடத்தில் சேர்ந்த சொத்து அது. பிள்ளைகளின் விருப்பத்தை விட பாஸ்போர்ட்டின் நிறம் முக்கியமாகிப் போன கல்யாணங்களும் உண்டு.

பிரெஞ்சு அரசும் சும்மா இருக்கவில்லை. காத்திருக்கும் காலம் எப்படி மாறியது என்று பாருங்கள்:

1973: காத்திருக்க வேண்டாம்
1984: 6 மாதம்
1993: 2 வருஷம்
1998: 1 வருஷம்
2003: 2 வருஷம்
2006: 4 வருஷம். மனைவியோ கணவனோ பிரான்சில் 3 வருஷம் தொடர்ந்து வசிக்காமலும், பிரெஞ்சுத் துணை அந்தக் காலத்தில் தூதரகப் பதிவேட்டில் இல்லாமலும் இருந்தால் 5 வருஷம்.

கூடவே சேர்ந்து வாழ்வதற்கான ஆதாரம், பிரெஞ்சு மொழித் தேர்ச்சி என்று நிபந்தனைகளும் நீண்டன. 1964இல் தாலி கட்டும் நேரத்தில் கிடைத்தது, இன்று பல வருஷக் காத்திருப்பு.

விமான நிலையத்தில் முடிகிறதா, தொடங்குகிறதா?

இங்கே கல்யாணமாகி பிரான்சுக்குப் போகும் ஒருவர் நடக்க வேண்டிய பாதை இது. கோயிலில் தாலி கட்டினாலும், சர்ச்சில் மோதிரம் மாற்றினாலும், அந்தக் கல்யாணம் இந்தியச் சட்டப்படி பதிவாக வேண்டும். பிறகு அது பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற வேண்டும். அதற்கான இடம் புதுச்சேரி மரீன் வீதியில் உள்ள பிரெஞ்சுத் துணைத் தூதரகம். அது முடிந்தால் நீண்டகால விசா. பாரீஸ் விமான நிலையத்தில் முத்திரை குத்துவதோடு வேலை முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது. வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் விசாவைச் செல்லுபடியாக்க வேண்டும். அப்புறம் வருஷக் கணக்கில் வசித்த பிறகுதான் பத்து வருஷ வசிப்பு அட்டை.

கனடாவில் முறை வேறு. துணைவர் ஸ்பான்சர் செய்து, வெளிநாட்டில் இருக்கும்போதே ஒப்புதல் கிடைத்துவிட்டால், நெடுங்காலமாக நடந்துவந்த வழக்கம் இது: எல்லையிலோ விமான நிலையத்திலோ அதிகாரி கேள்வி கேட்டு, தாளில் கையெழுத்து வாங்கிய அந்த நிமிஷமே நிரந்தர வசிப்புரிமை. நம்மவர்கள் இதை "லேண்டிங்" என்பார்கள். ஆனால் அங்கேயும் 2012 முதல் 2017 வரை ஒரு நிபந்தனை இருந்தது. புதிதாக மணமானவர்கள் பலர் இரண்டு வருஷம் ஸ்பான்சரோடு சேர்ந்து வாழ்ந்தால்தான் உரிமை நிலைக்கும். அடி உதை வாங்கிக்கொண்டும் வாயைத் திறக்க முடியாத நிலையில் பெண்களை இது தள்ளுகிறது என்ற விமர்சனம் வலுத்து, கடைசியில் நீக்கிவிட்டார்கள்.

பிரான்சிலும் இதே சிக்கல்தான். சேர்ந்து வாழ்வது நின்றுவிட்டால் வசிப்பு அட்டைக்கே ஆபத்து. துணைவர் இறந்துபோனாலோ, குடும்ப வன்முறை நடந்திருந்தாலோ சட்டம் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் மொழி தெரியாத ஊரில், நான்கு சுவருக்குள், அப்படி ஒரு சட்டம் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1962இன் மூத்த மருமகள் கதைதான் மறுபடியும். சட்டத்தில் இருக்கிறது, காதுக்கு வரவில்லை.

வாங்கும்போது விடுவது

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. 1955ஆம் வருஷக் குடியுரிமைச் சட்டம் 9ஆவது பிரிவின்படி, தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றால் இந்தியக் குடியுரிமை போய்விடும். அதனால் கல்யாணம் மூலம் பிரெஞ்சுக் குடிமகள் ஆகும் பெண், இந்தியக் குடிமகள் என்பதை அன்றோடு இழக்கிறாள்.

2005க்குப் பிறகு ஓசிஐ அட்டை வந்தது கொஞ்சம் ஆறுதல். விசா இல்லாமல் வரலாம், எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம். ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. அந்தச் சட்டத்தில், 1947 ஆகஸ்ட் 15க்குப் பிறகு இந்தியாவோடு சேர்ந்த பகுதியைச் சேர்ந்தவர்களுக்கும் அவர்களின் வாரிசுகளுக்கும் ஓசிஐ தகுதி உண்டு என்று ஒரு வரி இருக்கிறது. புதுச்சேரிக்காரர்களுக்குப் பொருந்தும் வரி அது.

2012: ஐம்பது வருஷம்

"எங்கள் தாத்தா கையெழுத்துப் போட்டார், அப்பாவின் பெயரை யாரும் பதியவில்லை. இப்போது கேட்கலாமா?" புதுச்சேரியில் பல வருஷம் கேட்கப்பட்ட கேள்வி. ஆள் ஆளாக பிரெஞ்சு நீதிமன்றங்களுக்குப் போனார்கள். மேரியின் பழைய பிறப்புப் பதிவும் கல்யாணப் பதிவும் தங்கத்துக்குச் சமமாக மதிக்கப்பட்டன. (கடற்கரையில் இருந்த அந்த மேரிக் கட்டடம் 2014 நவம்பரில் மழையில் இடிந்து விழுந்து, 2021இல் அதே தோற்றத்தில் மறுபடி எழுந்தது.)

ஆனால் பிரெஞ்சு சிவில் சட்டத்தில் ஒரு பூட்டு இருக்கிறது. முன்னோர் அரை நூற்றாண்டுக்கு மேல் வெளிநாட்டிலேயே இருந்து, தானும் தன்னைப் பெற்றவரும் பிரெஞ்சுக்காரராக நடத்தப்பட்டதற்கு அடையாளமே இல்லை என்றால், வம்சாவளியைக் காட்டி உரிமை கேட்க முடியாது. புதுச்சேரிக்கு அந்தக் கணக்கு தொடங்கியது 1962 ஆகஸ்ட் 16. 50 வருஷம் முடிந்தது 2012 ஆகஸ்டில்.

ஆக, அன்று மறந்துபோன ஒரு கையெழுத்துக்காக இன்று மிச்சமிருக்கும் பெரிய வாசல் ஒன்றுதான்: கல்யாணம். 1804இல் எங்கே தொடங்கியதோ, கிட்டத்தட்ட அங்கேயே வந்து நிற்கிறது!

கடைசியாக...

மாஹே முதல் நோணாங்குப்பம் வரை எல்லாப் பெண்களுக்கும் 1956இன் அந்த வாக்கியம் சொன்னது ஒன்றுதான். உன் தேசத்தை நீயே தீர்மானி. நல்ல வாக்கியம். அதை அவர்களுக்குப் புரிகிற தமிழிலும் மலையாளத்திலும் தெலுங்கிலும் வாசலில் போய்ச் சொல்லியிருந்தால் இன்னும் நல்ல வாக்கியமாக இருந்திருக்கும்.

இன்று யாராவது அக்காவோ தங்கையோ கல்யாணமாகி வெளிநாடு கிளம்பினால், நகைப் பெட்டியைச் சரிபார்ப்பதற்கு முன்னால் இதைச் சரிபாருங்கள். பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பதிவு, பாஸ்போர்ட், விசா ஒப்புதல் எல்லாவற்றிலும் ஒரு நகல் அவர் கையிலேயே இருக்கிறதா? எந்தத் தாளில் எதற்காகக் கையெழுத்துப் போடுகிறோம் என்று அவருக்குத் தெரியுமா? புருஷன் போட்டால் போதும் என்று நினைத்து ஆறு மாதத்தைக் கோட்டைவிட்ட ஒரு தலைமுறை இந்த ஊரில் இருந்தது. அது ஒன்றோடு போகட்டும்.